பெயர்ப் பலகையில் தமிழ் உண்டு, முகவரியில் எங்கே?

தமிழில் முகவரி எழுதும் உரிமை வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்த மக்கள் நாம். இணைய உலகில் அவ்வுரிமை 2010 ஆம் ஆண்டிலேயே நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதற்காக எவரும் மறியல் செய்யவில்லை. எவரும் சிறை செல்லவில்லை. 1956 யூன் 5 ஆந் திகதி காலிமுகத் திடலில் நம்மவர் அடி வாங்கியதுபோல எவரும் அடி வாங்கவில்லை. போராடாமலே கிடைத்த அந்த உரிமை, எடுத்தாள்வாரின்றித் திண்ணையிலேயே கிடக்கின்றது. இதுவே நாம் இங்கு முன்வைக்கும் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் கொழும்பில் உள்ளோர் மாத்திரம் அல்லர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நாமுந்தான்.

கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ நடந்து, பெயர்ப் பலகைகளை வாசித்துப் பாருங்கள். கடையின் பெயர் அழகிய தமிழில் இருக்கும். அதன் கீழே இணைய முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கும். பாடசாலையின் வாயிலில் தமிழ் முழங்கும். பாடசாலையின் இணைய முகவரியில் தமிழ் இராது. சனசமூக நிலையம், சங்கக்கடை, கோயிற் பரிபாலன சபை ஆகியவற்றின் கதையும் பெரும்பாலும் இஃதே. ".இலங்கை" என்று தமிழ் எழுத்தில் முடியும் முகவரி ஒன்று இருக்கின்றது என்பதையே அறியாதவர் நம்மிடையே எத்துணையர்!

பெயரும் இலக்கமும்

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். இணையத்தில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை, இலக்கத்தால் அறிகின்றன. அந்த இலக்கத்தை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆதலால் பெயரைக் கொடுத்தால் இலக்கத்தைச் சொல்லும் ஏற்பாடு ஒன்று வேண்டியதாயிற்று. தொடக்க காலத்தில், கலிபோர்ணியாவிலிருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் மேற்பார்வையில் ஒரே ஒரு பட்டியல் பேணப்பட்டது. எல்லாக் கணினிகளும் அதனைப் பிரதி செய்து வைத்துக்கொண்டன. கணினிகள் பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் என்னும் அறிஞர் வேறொரு முறையை வகுத்தார். அதுவே டீ.என்.எஸ். என இன்று வழங்கும் பெயர் முறை.

அம்முறை நம் ஊர்த் தபால் ஒழுங்கைப் போன்றது. முழு உலகத்தின் முகவரிகளையும் ஒருவர் வைத்திருப்பதில்லை. நீங்கள் ஒரு பெயரைத் தட்டியவுடன், உங்கள் கணினி தனக்குக் குறித்துத் தரப்பட்ட பெயர்ச் சேவையகத்திடம் கேட்கின்றது. அச்சேவையகம், ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பதின்மூன்று எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட மூலச் சேவையகங்களுள் ஒன்றை அணுகுகின்றது. மூலம், "இலங்கையின் பெயர்களைக் காப்பவர் இன்ன இடத்தில் இருக்கின்றார், அவரைக் கேள்" என்கின்றது. இலங்கையின் பதிவகம், "இந்த நிறுவனத்தின் பெயர்களைக் காப்பவர் இன்னார்" என்கின்றது. கடைசியாக இலக்கம் கிடைக்கின்றது. கிடைத்த விடையைச் சேவையகம் குறித்த கால அளவுக்குத் தன்னிடத்தே சேமித்தும் வைக்கின்றது. கண் இமைக்கும் நேரத்துள் இவ்வளவும் நடந்து முடிகின்றது.

இலங்கைக்குரிய "எல்.கே." என்னும் ஈரெழுத்து முடிவு 1990 இல் வழங்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகான் டயஸ் அவர்களின் முயற்சியால் அதற்கான பதிவகம் அமைந்தது. ஆயினும் இருபது ஆண்டுகள் இந்நாட்டின் முகவரிகள் யாவும் ஆங்கில எழுத்திலேயே முடிந்தன. சிங்களவர்க்கும் தமிழர்க்கும் ஒரே நிலைதான்.

பிற எழுத்துக்களுக்கு இடம் வேண்டும் என்ற எண்ணம் ஆசியாவிலிருந்து வலுப்பெற்றது. 1998 ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தான் டின் வீ என்னும் அறிஞரின் குழுவினர் இதற்கான பரிசோதனைகளை நடத்தினர். 2003 இல் எழுத்து மாற்றும் முறை ஒன்று உலகத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்டது. 2009 நவம்பரில், உலக நாடுகள் தத்தம் எழுத்தில் நாட்டுப் பெயரைக் கேட்டுப் பெறலாம் என்று கதவு திறக்கப்பட்டது. மறு ஆண்டே சிங்களத்தில் "ලංකා" என்பதும் தமிழில் "இலங்கை" என்பதும் அருகருகே மூலப் பட்டியலில் ஏறின. 2011 இல் "இந்தியா", "சிங்கப்பூர்" என்னும் தமிழ் முடிவுகளும் பின்தொடர்ந்தன.

இதனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. மோட்டார் வண்டிகளில் புகுத்தப்பட்ட சிங்கள "ஸ்ரீ" எழுத்தால் 1958 இல் குடாநாடு கொதித்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்படுவதற்கு 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தகைய நாட்டில், உலகப் பெயர்ப் பட்டியலின் முதற் படியில், தமிழும் சிங்களமும் ஒரே ஆண்டில், ஒரே தகுதியுடன் ஏறின. காகிதத்தில் கிடைத்த சமத்துவம் நடைமுறையில் ஏமாற்றமானதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். இங்கோ நடைமுறையிலேயே சமத்துவம் கிடைத்திருக்கின்றது. அதனைப் பயன்படுத்துவார்தாம் இல்லை.

ஆங்கில எழுத்தில் நம் ஊர்கள்

"பெயர் தமிழாய் இருந்தாற் போதாதா? எழுத்து எதுவானால் என்ன?" என்று கேட்பார் உளர். அவர்கள் வட்டுக்கோட்டையை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்க்கட்டும். ஈழத்தவராகிய நாம் "டி" என்னும் எழுத்தை இரட்டித்து எழுதுகின்றோம். தமிழகத்தார் "ரி" என்னும் எழுத்தை இரட்டிப்பர். ழகரத்துக்கு ஒருவர் "எல்" போடுவர். மற்றொருவர் "இசட்", "எச்" என ஈரெழுத்துப் போடுவர். "நூலகம்" என்ற சொல்லின் நடுவிலுள்ள ககரத்தை நாம் "எச்" என்று எழுதுவோம்; சென்னையில் "ஜி" என்று எழுதுவர். மனிதர் எவ்வாறு எழுதினும் விளங்கிக்கொள்வர். பெயர்ச் சேவையகம் விளங்கிக்கொள்ளாது. அதற்கு ஓர் எழுத்துப் பிசகினால் வேறு பெயர். வேறு பெயர் என்றால் வேறு இலக்கம். வேறு இலக்கம் என்றால் வேறு வீடு. அந்த வீட்டில் யார் குடியிருக்கின்றார் என்பதை நாம் அறியோம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்த இழப்பை உணர்ந்த இளைஞர்கள் 2005 இல் "நூலகம்" என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து ஏடுகளையும் இதழ்களையும் சேகரித்து வருகின்றார்கள். தமிழர் அனைவரும் நன்றி பாராட்ட வேண்டிய தொண்டு அது. அப்பெயரைத் தமிழில் எழுதினால் ஒரே வடிவம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பிழையின்றி எழுதும். ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாக எழுதுவர். எழுத்து எதுவானால் என்ன என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை வேண்டுமோ?

இன்னும் ஒன்று. ஆங்கில எழுத்தை ஏற்றவுடன் ஆங்கிலப் பெயரும் கூடவே வந்து அமர்ந்துவிடுகின்றது. பருத்தித்துறை "பொயின்ற் பீற்றோ" ஆகின்றது. ஊர்காவற்றுறை "கயிற்ஸ்" ஆகின்றது. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரத்தின் பெயரை நெடுந்தீவுக்குச் சூட்டிச் சென்றனர். அவர்கள் ஆட்சி முடிந்து இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அப்பெயரே கடிதத் தலைப்புகளில் வாழ்கின்றது. பறங்கியர் போனார், ஒல்லாந்தர் போனார், ஆங்கிலேயரும் போனார். நம் ஊர்களின் பெயர்கள் மாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை.

சாட்டுக்குச் சாட்டு

"எங்கள் கந்தோரிலுள்ள கணினி தமிழ் முகவரியை ஏற்காது" என்பது அடிக்கடி கூறப்படும் சாட்டு. இது பொருந்தாது. பெயர் முறையின் உள்ளே நடமாடுவது ஆங்கில எழுத்தும் இலக்கமும் சிறுகோடுமே. "இலங்கை" என்று நீங்கள் தமிழில் தட்டியவுடன், கணினியிலுள்ள உலாவி அதனை "எக்ஸ்", "என்" என்னும் ஈரெழுத்துடனும் இரண்டு சிறுகோடுகளுடனும் தொடங்கும் ஒரு குறியீடாக மாற்றி அனுப்புகின்றது. பெயர்ச் சேவையகம் அக்குறியீட்டை மற்றப் பெயரைப் போலவே விசாரித்து விடை தருகின்றது. ஆகவே தமிழ்ப் பெயருக்கென்று தனிச் சேவையகமும் வேண்டா. தனிக் கணினியும் வேண்டா.

குறை இருக்குமிடம் வேறு. "உங்கள் முகவரியை நிரப்புக" என்று கேட்கும் படிவங்களிலும், பழைய மின்னஞ்சல் மென்பொருள்களிலுந்தான் குறை இருக்கின்றது. தமிழ் எழுத்தைக் கண்டதும் "பிழையான முகவரி" என்று அவை தள்ளிவிடுகின்றன. தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் முகவரி அமைப்பதற்கான விதிகள் 2012 இலேயே முடிவாகிவிட்டன. 2014 இல் கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் அத்தகைய முகவரிகளுடன் கடிதம் பரிமாறத் தொடங்கியது. இன்று தமிழ் முகவரியைப் பிழை என்று தள்ளும் படிவம் எதுவாயினும், அப்படிவத்தை எழுதியவர் பிழை செய்தவரேயன்றி, தமிழ் பிழை செய்யவில்லை. அதனைத் திருத்தும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. அரச திணைக்களத்தின் படிவமாயின் சட்ட உரிமையே உண்டு.

"வெளிநாட்டிலுள்ள நம் உறவினர்க்குத் தமிழில் தட்டத் தெரியாதே" என்பது இன்னொரு சாட்டு. ஆங்கில முகவரியைக் கைவிடும்படி யார் சொன்னார்? ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்கலாம். இரு பெயர்களையும் ஒரே இலக்கத்துக்குக் காட்டுதல் பெயர் முறையில் மிகச் சாதாரணமான ஏற்பாடு. ரொறொன்ரோவிலிருக்கும் பேரன் ஆங்கில வாசலால் வரட்டும். சாவகச்சேரியிலிருக்கும் பாட்டனார் தமிழ் வாசலால் வரட்டும். இருவரும் கூடுவது ஒரே முற்றத்தில்தான்.

"இப்போது யார் முகவரியைத் தட்டுகின்றார்கள்? முகநூலில் ஒரு பக்கம் இருந்தாற் போதாதா?" என்பது மூன்றாவது சாட்டு. மூன்றினுள்ளும் ஆபத்தானது இதுவே. முகநூற் பக்கம் வாடகை வீடுகூட அன்று; பிறர் வளவில் போட்ட கொட்டில். வளவுக்காரர் நினைத்த மாத்திரத்தில் மூடலாம். அதே பெயரில் வேறொருவர் பக்கத்திலேயே இன்னொரு கொட்டில் போடலாம். பிரதேச சபை வெளியிடும் குடிநீர் அறிவித்தல் உண்மையானதா, போலியானதா என்பதை மக்கள் எதைக் கொண்டு அறிவது? சபைக்குச் சொந்தமான பெயரைக் கொண்டே அறிய வேண்டும். பெயரைப் பெற்றவர், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி வருமட்டும், அதனைக் காட்டும் திசையைத் தாமே தீர்மானிக்கின்றார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இணையப் பெயர்கள் பொதுவாக முந்திக் கேட்டவர்க்கே வழங்கப்படும். நம் ஊரின் பெயரை நாம் பதியாவிட்டால் வேறொருவர் பதியக்கூடும். அவர் வணிகராகவும் இருக்கலாம், வஞ்சகராகவும் இருக்கலாம். பின்னர் அதனை மீட்பதற்குப் பணமும் காலமும் செலவாகும். காணி உறுதி எழுதும்போது எல்லைக்கல்லை நூறுமுறை பார்க்கும் யாழ்ப்பாணத்தார், ஊரின் பெயரையே எல்லையின்றி விட்டிருப்பது விந்தையன்றோ?

தபாற்காரர் யார்?

பெயர் முறையில் மற்றொரு முக்கியமான கேள்வி இருக்கின்றது. உங்கள் கணினி முதலிற் கேட்கும் பெயர்ச் சேவையகம் யாருடையது? பெரும்பாலோர் இதனை ஒருபோதும் யோசித்திரார். இணையச் சேவை நிறுவனம் தரும் ரவுட்டர் பெட்டி, அந்நிறுவனத்தின் சேவையக இலக்கத்தை வீட்டிலுள்ள கருவிகளுக்குத் தானாகவே கொடுத்துவிடுகின்றது. விரும்பினால் அதனை மாற்றலாம். கூகிள் நிறுவனம் 2009 முதல் நான்கு எட்டுக்களை இலக்கமாகக் கொண்ட சேவையகத்தை நடத்துகின்றது. குவாட்9 என்னும் அமைப்பு 2017 முதல் நான்கு ஒன்பதுகளையும், கிளவுட்பிளேயர் நிறுவனம் 2018 முதல் நான்கு ஒன்றுகளையும் கொண்டவற்றை நடத்துகின்றன. ரவுட்டரில் ஒரு முறை மாற்றினால், அதனிடமிருந்து தாமாகவே இலக்கம் பெறும் பாடசாலைக் கணினிகள் யாவும் மாறிவிடும்.

இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். முகவரியைச் சொல்பவர் சொல்ல மறுத்தால், வீடு இருந்தும் இல்லாததே. 2007 யூன் மாதத்தில் "தமிழ்நெற்" செய்தித் தளம் இந்நாட்டு வாசகர்க்குத் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரில் 3 ஆந் திகதியும் சமூக ஊடகங்கள் நாடு முழுவதிலும் முடக்கப்பட்டன. 2024 இல் நிறைவேறிய இணையவழிப் பாதுகாப்புச் சட்டமும் இணையத் தளங்களை அணுக விடாமற் செய்யும் கட்டளைகளுக்கு இடமளித்தது. தடுப்பதற்கு வழிகள் பல. பெயர்ச் சேவையகத்தை ஊமையாக்குதல் அவற்றுள் மிக எளியது. மறுபுறம், பெயரைத் திருடுவாரும் உளர். 2021 பெப்ரவரி 6 ஆந் திகதி "எல்.கே." பெயர்கள் சில, கூகிளின் இலங்கைப் பெயர் உட்பட, வேறோர் இடத்துக்குத் திருப்பப்பட்டன. பலமான நிறுவனத்துக்கே இக்கதி என்றால் நம் சிறு சபைகள் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தின் இலக்கத்தை எழுதிவிட்டால் விடுதலை கிடைத்துவிட்டது என்று எவரும் மயங்க வேண்டா. தடை வேறு இடத்தில் இடப்பட்டிருந்தால் அது உதவாது. மேலும், நீங்கள் விசாரிக்கும் ஒவ்வொரு பெயரும் அந்நிறுவனத்தின் கண்ணில் படும். உள்ளூர்த் தபாற்காரரை விட்டு அயலூர்த் தபாற்காரரிடம் கடிதத்தைக் கொடுப்பது போன்றதே அது. யாரிடம் கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

1961 ஏப்ரில் 14 ஆந் திகதி, சத்தியாக்கிரகத்தின் உச்சத்தில், தந்தை செல்வநாயகம் அவர்கள் யாழ்ப்பாணத்தில் தமிழரசுத் தபாற் சேவையைத் தொடக்கி வைத்தார். சில நாட்களுள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, தலைவர்கள் சிறைப்பட்டனர், தபாலும் நின்றது. கடிதம் எங்கே போகின்றது, யார் கொண்டு போகின்றார் என்பது ஆட்சி பற்றிய கேள்வி என்பதை அன்றைய தலைமுறை அறிந்திருந்தது. இன்றைய தலைமுறை கடிதம் எழுதுவதில்லை. ஆயினும் அதன் கைத்தொலைபேசி ஒரு நாளைக்கு எத்தனையோ முறை முகவரி விசாரிக்கின்றது. கேள்வி மாறவில்லை, கருவிதான் மாறியிருக்கின்றது.

செய்ய வேண்டியவை

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என உள்ளூராட்சி மன்றங்கள் பதினேழு உள்ளன. இவை ஒவ்வொன்றும் தன் பெயரைத் தமிழில், ".இலங்கை" என்னும் முடிவுடன் பதிந்துகொள்ள வேண்டும். தீர்மானம் நிறைவேற்ற ஒரு கூட்டம் போதும். மண்டபம் கட்டுவதற்கும் மதில் எழுப்புவதற்கும் பணம் ஒதுக்கும் சபைகளுக்கு இச்செலவு ஒரு பொருட்டன்று. பதிந்த பெயரின் கடவுச்சொல் ஓர் உத்தியோகத்தரின் சட்டைப் பையில் இருத்தலாகாது. சபையின் சொத்துப் பதிவேட்டில் அப்பெயர் எழுதப்பட வேண்டும். அது காலாவதியாகும் நாள் செயலாளரின் மேசையில் குறிக்கப்பட வேண்டும்.

பாடசாலைகள் ஒரு தவணையில் ஒரு பாடவேளையையேனும் இதற்கு ஒதுக்க வேண்டும். உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் கற்கும் மாணவன், தன் கணினியின் பெயர்ச் சேவையக இலக்கத்தைப் பார்த்துச் சொல்லவும், அது யாருடையது என்று அறியவும், வேண்டுமாயின் மாற்றவும், மாற்றியதை மீட்கவும் பழக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நாட்டின் "லேர்ண்" கல்வி வலையமைப்பில் ஓர் உறுப்பு; கணினி விஞ்ஞானம் கற்பிக்கும் இடம். குடாநாட்டுப் பாடசாலைகளுக்கென ஒரு பெயர்ச் சேவையகத்தை நடத்தவும், அதனைப் பராமரிக்க மாணவரைப் பழக்கவும் அதனால் இயலும். 1990 களில் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்ட நிலையிலும் படித்து முன்னேறிய மண் இது. இதற்கு அறிவுப் பஞ்சம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

பதிவகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கணினியில் தமிழ் "ஸ்ரீ" எழுத்தை இருவேறு குறியீட்டுத் தொடர்களால் எழுத முடிகின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. பழந்தமிழ் எண் ஒன்று ககரத்தைப் போலவும், எண் இரண்டு உகரத்தைப் போலவும் தோன்றும். இவற்றைக் கொண்டு போலிப் பெயர் புனைவார்க்கு இடமளியாத விதிகளை இறுக்கமாகக் காக்க வேண்டும். 1958 இல் ஒரு "ஸ்ரீ" நமக்குத் தந்த தொல்லை போதும்.

உரிமையைக் கேட்டுப் பெறுவது ஒரு போராட்டம்; பெற்ற உரிமையை நாள்தோறும் கையாளுவது வேறொரு போராட்டம். முன்னதற்கு மேடை உண்டு, கொடி உண்டு, கைதட்டல் உண்டு. பின்னதற்கு ஒன்றும் இல்லை. ஒரு விண்ணப்பப் படிவமும் ஆண்டுதோறும் செலுத்தும் சிறு கட்டணமும் மாத்திரமே உண்டு. அதனாற்றான் போலும் நாம் அதனைச் செய்யாதிருக்கின்றோம். கேட்டவர்கள் பயன்படுத்தவில்லை என்று நாளை எவரேனும் சுட்டிக்காட்டினால் நாம் கூறும் விடை யாது?

சபைத் தலைவர்களே, அதிபர்களே, வணிகப் பெருமக்களே! உங்கள் பெயர்ப் பலகையின் கீழ் வரியைத் தமிழில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை முதல் விடயமாக வையுங்கள்.